மஞ்சளுக்கு மிளகு துணை

வடசென்னையின் காசிமேட்டில் வாங்கிய மீனைக் கழுவும்போது ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், குழம்பு கொதிக்கும்போது இன்னொன்று. ராயபுரம் முதல் எண்ணூர் வரை இந்தப் பழக்கம் இல்லாத வீடு அரிது. ஆனால் மஞ்சள் தனியாகப் போனால் உடம்பில் சேர்வது மிகக் குறைவு.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின். அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். உள்ளே போகிற கொஞ்சத்தையும் குடல் சுவரும் ஈரலும் சீக்கிரமே உருமாற்றி வெளியேற்றிவிடும். மிளகுக்குக் காரம் தரும் பைப்பரின் அந்த வேலையைத் தாமதப்படுத்துகிறது. 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள், நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கு 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தார்கள். ரத்தத்தில் சேர்ந்த குர்குமின் சுமார் 20 மடங்கு கூடியது.

கணக்கைச் சரியாகப் பார்க்க வேண்டும். மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்குச் சுமார் 3 பங்குதான். 2 கிராம் கிடைக்க 60 கிராமுக்கு மேல் தூள் வேண்டும். அதை யாரும் சாப்பிட முடியாது. எனவே குழம்பு மருந்தாகிவிடாது. ஆலைப் புகையால் இருமுகிறவர் மஞ்சள் பாலை நம்பி டாக்டரைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. போடுகிற மஞ்சள் வீணாகாமல் இருக்க, தாளிக்கும் எண்ணெயும் கொஞ்சம் மிளகும் உதவும். மிளகாய்த்தூளில் பைப்பரின் கிடையாது. நண்டு மசாலாவுக்கு இடிக்கும் மிளகில் கொஞ்சம் மீன் குழம்பிலும் போடலாம்.

நம் பெண்களுக்கு இதைவிட முக்கியமானது இரும்புச்சத்து. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு எளிதில் சேராது. எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி அதைச் சேர வைக்கும். கூடச் சாப்பிடும் மீனும் அப்படியே. முருங்கைக்கீரைப் பொரியலை இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள், பக்கத்தில் நெத்திலி வறுவல் இருக்கட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்பில் பெரும்பகுதி போய்விடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

மஞ்சளை உடம்பில் கூடுதலாகச் சேர வைக்கும் மிளகின் குணம் மருந்துகளையும் விடுவதில்லை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினை 450 மில்லிகிராமிலிருந்து 200-ஆகக் குறைத்து, 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்து ஒரு மாத்திரையே இந்தியாவில் வந்தது. சமையலில் போடும் மிளகுக்கு அஞ்ச வேண்டாம். ஆனால் கடையில் விற்கும் மஞ்சள்-மிளகு மாத்திரைகளால் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதும் உண்டு. காசநோய்க்கோ, வலிப்புக்கோ, ரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் அவற்றைத் தொடாதீர்கள்.