உங்களுக்குத் தெரியுமா? வெள்ளத்தோடு போட்டி போடும் புல்

பிரேசிலின் மனாவுஸ் நகருக்கு அருகே அமேசான் ஆற்றின் நீர்மட்டம் ஆண்டுதோறும் சுமார் 10 மீட்டர் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்றத்துக்கு ஈடுகொடுத்து ஒரு புல் வளர்கிறது. அதன் பெயர் எக்கினோகுளோவா பாலிஸ்டாக்கியா. நாம் சோறாக்கும் குதிரைவாலியும் இதே பேரினம்தான்!

தண்ணீர் ஏற ஏறத் தண்டும் நீள்கிறது. கணுக்களிலிருந்து தாடிபோல வேர்கள் நீருக்குள் தொங்குகின்றன. ஆண்டீஸ் மலைகளிலிருந்து வரும் கலங்கல் நீரின் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் அவை உறிஞ்சிக்கொள்கின்றன. உரமும் இல்லை, உழவும் இல்லை. ஆனாலும் ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்குச் சுமார் 100 டன் உலர் எடை சேர்கிறது. இயற்கையாக வளரும் தாவரங்களில் இது வியக்கத்தக்க விளைச்சல்.

வெள்ளம் வடிந்ததும் தண்டுகள் சேற்றில் சாய்ந்து விரைவில் மட்கிவிடும். ஆறு கொண்டுபோயிருக்க வேண்டிய சத்தில் ஒரு பங்கு இப்படிக் கரைமண்ணில் தங்கிவிடுகிறது.

சதுப்புத் தாவரங்களுக்கு இன்னொரு திறனும் உண்டு. தண்டின் காற்றறைகள் வழியே வேருக்கு இறங்கும் ஆக்சிஜன் சேற்றில் கசிந்து, அங்குள்ள இரும்பைத் துருவாக்கும். அந்தத் துரு மணிச்சத்தைப் பிடித்துவைக்கும். நாற்றைப் பிடுங்கிக் கழுவிப் பாருங்கள்: நெல்லின் வேரிலும் அந்தச் செம்பழுப்புப் பூச்சு தெரியும்.