ஓரிரு நொடியில் மாயமான தகவல்கள்! கைகொடுத்தது 6 மணி நேரப் பழைய நகல்

அசலும் நகலுமாக இரண்டு கம்ப்யூட்டரில் வைத்திருந்தும் தகவல்களைப் பறிகொடுத்த கதை இது!

புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் 'கிட்லேப்' இணையதளத்தில், 2017 ஜனவரி 31-ந்தேதி இரவு நகல் கம்ப்யூட்டர் பின்தங்கிவிட்டது. அதைத் துடைத்துவிட்டு மறுபடி எழுத வைக்க, என்ஜினீயர் ஒருவர் உத்தரவைத் தட்டினார். தட்டியது அசலில்!

பதறிப்போய் நிறுத்தினார். என்ன பயன்? சுமார் 300 ஜி.பி.யில் மிஞ்சியது 4.5 ஜி.பி.தான்.

தினசரி 'பேக்கப்' இருக்குமே என்று ஓடினால், பெட்டி காலி! அது எடுபடவே இல்லை. தகராறு என்று சொல்லவேண்டிய ஈமெயிலும் வந்து சேரவில்லை.

பிறகு எப்படி மீண்டது? சுமார் 6 மணி நேரத்துக்கு முன், அதே என்ஜினீயர் வேறு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்த நகல் ஒன்று இருந்தது. சாதாரண டிஸ்க் என்பதால், அதைத் திரும்பக் கொண்டுவரவே சுமார் 18 மணி நேரம் ஆச்சு. மராமத்து வேலையை யூடியூபில் நேரடியாகவே காட்டினார்கள்!

புரோகிராம்களுக்குச் சேதமில்லை. ஆனால் இடைப்பட்ட நேரத்தில் பதிவான சுமார் 700 பேரின் கணக்குகள், 5 ஆயிரம் கருத்துகள் போயே போச்சு.

அந்த என்ஜினீயரின் வேலை? அது போகவில்லை.