எரிந்த மோட்டாருக்குப் புதுச் சுருள்

ஹைதராபாத் நகருக்கு வடமேற்கே, மும்பாய் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் பட்டான்செரு அமைந்துள்ளது. அண்மையிலுள்ள ராமச்சந்திரபுரத்தில், 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒத்துழைப்புடன் நிறுவப்பெற்ற பாரத மிகுமின் நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கின்றது. பட்டான்செருவிலும் 1970கள் முதல் தொழிற்பேட்டை வளரலாயிற்று. யந்திரங்களோடு பழகியோர் மிகுந்த இத்தகைய வட்டாரத்தில், வீட்டு முற்றத்திலேயே ஒரு சாணைச் சக்கரத்தையோ சிறு கடைசல் யந்திரத்தையோ வைத்து வேலை செய்வது இயல்பே. அதன் மோட்டார் ஒருநாள் புகைந்து நின்றுவிட்டால், பிழைப்பும் அன்றே நின்றுவிடுகின்றது. புதிய மோட்டார் வாங்க இயலாதவர் காயில் கட்டும் கடையை நாடுகின்றார். அங்கே செய்யப்படும் வேலையின் தரத்தைப் பொறுத்தே அம்மோட்டார் பல ஆண்டுகள் உழைப்பதும், மறு மாதமே மீண்டும் எரிவதும் அமைகின்றன.

எரிந்த சுருளை உடனே வெட்டி எறிதல் பெரும் பிழையாகும். மோட்டார் எதனால் எரிந்தது என்பதற்கு அச்சுருளே சாட்சி. ஒற்றைக் கட்ட மோட்டாரில் துவக்கச் சுருள் மட்டும் கருகி, ஓட்டச் சுருள் நிறம் மாறாதிருப்பின், வேகம் கூடியதும் துவக்கச் சுருளை விலக்க வேண்டிய மையவிலக்கு ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டிருந்தது எனப் பெரும்பாலும் கொள்ளலாம். இரு சுருள்களும் ஒரே சீராகக் கருகியிருப்பின், மிகைச் சுமை, இறுகிய பேரிங், குறைந்த மின்னழுத்தம் ஆகியவற்றுள் ஒன்றை ஐயுறுதல் வேண்டும். மோட்டாரின் முறுக்கு விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 184 வோல்ட் மட்டுமே வருமாயின், துவக்க விசை 100க்கு 64 பங்காகக் குன்றிவிடும். அதே சுமையை இழுக்க மோட்டார் மிகுதியான மின்னோட்டத்தை ஏற்றுக் கொதிப்படையும். மூன்று கட்ட மோட்டாரில் ஒரு கட்டத்தின் பியூஸ் மட்டும் போனால், நட்சத்திர இணைப்பில் இரு கட்டங்களின் சுருள்களும், டெல்டா இணைப்பில் ஒரு கட்டத்தின் சுருள்களும் கருகிக் காணப்படும். காரணத்தை நீக்காது கட்டிய காயில் வீண் செலவே.

அடுத்தது கணக்கெடுத்தல். கெபாசிட்டரின் மின்னேற்றத்தை முதலில் தணித்துவிட்டு, நிலைப்பகுதியிலுள்ள காடிகளை எண்ண வேண்டும். 24 காடிகளும் 4 துருவங்களும் உடைய மோட்டாரில் துருவத்திற்கு 6 காடிகள். ஒவ்வொரு சுருளும் எந்தக் காடியினின்று எந்தக் காடிக்குச் செல்கின்றது, எத்தனை சுற்று, முனைகளின் இணைப்பு எத்தகையது என்பன அனைத்தையும் படமாக வரைந்துகொள்ளல் நன்று. கம்பியின் எனாமலைச் சுரண்டிய பின்னரே மைக்ரோமீட்டரால் பருமனை அளத்தல் வேண்டும். சுற்றுக்களைக் குறைத்துக் கம்பியை மிச்சம் பிடிப்போர் உளர். 100 சுற்றுக்குப் பதில் 90 சுற்றிடின் காந்தப் பாயம் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு மிகும். இரும்பு தெவிட்டி, சுமையின்றி ஓடும்போதே மோட்டார் சுடும். உரிய பருமனில் கம்பி கிடைக்கவில்லையெனில் குறுக்குப் பரப்பை மாற்றாதிருத்தல் வேண்டும்: 1 மில்லிமீட்டர்க் கம்பி ஒன்றுக்கு ஈடாக 0.71 மில்லிமீட்டர்க் கம்பிகள் இரண்டை இணையாகச் சுற்றலாம். செம்பின் இடத்தில் அதே பருமனுள்ள அலுமினியத்தை இடுதல் தகாது. அதன் மின்கடத்தும் திறன் செம்பினதில் சுமார் 61 சதவிகிதமே.

பழைய சுருளை அகற்றத் தீயிட்டுக் கொளுத்தும் வழக்கம் பல இடங்களில் காணப்படுகின்றது. மண்ணெண்ணெய் ஊற்றி எரிப்பது விரைவான வழிதான். ஆனால் அப்புகை நஞ்சுடையது. கேடு அதனோடு நிற்பதில்லை. நிலைப்பகுதியின் இரும்பு, மெல்லிய தகடுகளை அடுக்கி ஆக்கப்பட்டது. தகடுகளுக்கிடையே சுழல் மின்னோட்டத்தைத் தடுக்க மின்காப்புப் பூச்சு உண்டு. கட்டுப்பாடற்ற தீயில் அப்பூச்சு அழிந்துவிடின், எவ்வளவு திறமையாகச் சுற்றினும் இரும்பு தானே சூடேறும். உஷ்ணநிலையைச் சுமார் 370 பாகை சென்டிகிரேடுக்கு மேற்படாது காக்கும் அடுப்பில் பதப்படுத்தி உருவுதலே முறை. அடுப்பு இல்லாத கடையில், சுருளின் ஒரு பக்கத் தலையை வெட்டிவிட்டு மறுபக்கமாகப் பொறுமையுடன் இழுத்தெடுக்கலாம்.

காடிகளைத் துடைத்து, மின்காப்புத் தாளை விளிம்பிற்குச் சற்று வெளியே நீளுமாறு இட்டு, அதன் பின்னரே புதுச் சுருளைப் பொருத்துதல் வேண்டும். தாள் விளிம்பில் கிழிந்தால் உடலுக்கு மின்சாரம் ஏறும் அபாயம் உண்டு. ராமச்சந்திரபுரத்தில் உருவாகும் பெரும் ஜெனரேட்டர்களில் தடித்த செம்புச் சட்டங்களும் மைக்கா உறையும் இடம்பெறுகின்றன; எனினும், செம்பையும் இரும்பையும் காடிக்குள் பிரித்து வைப்பதே இரண்டிலும் உள்ள பிரச்சினை. வார்னிஷ் இடுமுன் சுருளைச் சூடாக்கி ஈரத்தைப் போக்குதல் இன்றியமையாதது; மழைக்காலத்தில் இதைத் தவிர்த்தோர் பின்னர் வருந்துவர். உஷ்ணநிலை 10 பாகை கூடுந்தோறும் மின்காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலார் நெடுங்காலமாகக் கையாளும் விதி.

முடிவில் 500 வோல்ட் மெக்கரால் சுருளுக்கும் உடலுக்கும் இடையேயுள்ள தடையைச் சோதிக்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் குறைந்தால் மின்சாரம் கொடுத்தலாகாது. புதுச் சுருளில் இதனினும் பன்மடங்கு காணப்படல் வேண்டும். உடலை நிலக்கம்பியுடன் இணைத்து, சுமையின்றி ஓட்டி, மின்னோட்டத்தைப் பெயர்த் தகட்டின் எண்ணுடன் ஒப்பிட்ட பின்னரே யந்திரத்தில் பூட்டலாம். சுற்றுக்களின் எண்ணிக்கை, கம்பியின் பருமன், வேலை முடிந்த தேதி ஆகியவற்றைச் சிறு அட்டையில் எழுதி இணைப்புப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிடின், அடுத்த முறை அதைத் திறப்பவர் மீண்டும் எண்ணத் தேவையிராது.