கடைக் கணக்கைக் காக்க வீட்டிலேயே ஒரு பயிற்சிக்கூடம்

வணிகருக்குச் சரக்கு ஒரு சொத்து என்றால், பற்று வரவுக் கணக்கு அதைவிடப் பெரிய சொத்து. சரக்கு தீயில் போனால் காப்பீடு கேட்கலாம். யார் எவ்வளவு தர வேண்டும் என்ற விவரமே போய்விட்டால் யாரிடம் போய்க் கேட்பது? ராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை நம் கடைகள் பலவற்றில் பேரேடு இருந்த இடத்தில் இன்று கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டமோ, ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாத்து வைக்கச் சொல்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் ஒருநாள் காலையில் திறக்க மறுத்தால் என்ன செய்வது என்று நம்மில் எத்தனை பேர் ஒத்திகை பார்த்திருக்கிறோம்?

கப்பல் நிறுவனத்துக்கு வந்த சோதனை

2017 ஜூன் 27 அன்று நடந்ததை வணிகர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். உக்ரைன் நாட்டு வணிகர்கள் வரிக் கணக்குக்குப் பயன்படுத்திய மென்பொருள் ஒன்றின் பெயர் எம்.இ.டாக். அதைத் தயாரித்த நிறுவனத்துக்குள் கள்ளத்தனமாகப் புகுந்தவர்கள், வாடிக்கையாளர்களுக்குப் போகும் அப்டேட்டுக்குள்ளேயே நாச நிரலை ஒளித்து அனுப்பினார்கள். நாட்பெட்யா என்று பெயர் பெற்ற அந்த நிரல், டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தையும் முடக்கியது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திவந்த கண்டெய்னர் முனையமும் அதில் சிக்கியது. துறைமுகம் தடுமாறினால் மண்டியும் தடுமாறும் என்பதைத் துறைமுகத்தை ஒட்டி வாழும் நமக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை.

4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாட்களில் புதிதாக நிறுவ வேண்டி வந்தது என்று அந்நிறுவனத் தலைவரே பின்னர் கூறினார். நிறுவனம் மதிப்பிட்ட இழப்பு 25 முதல் 30 கோடி டாலர். அதன் வலையமைப்பு முழுவதையும் இயக்கும் அடிப்படை விவரங்கள் உலகெங்கும் பல சர்வர்களில் இருந்தன. எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருந்ததால் எல்லாம் சேர்ந்தே அழிந்தன. ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே மின்வெட்டு!

நாம் தினமும் சபிக்கும் மின்வெட்டு ஒரு பெரும் கப்பல் நிறுவனத்தைக் காத்தது. இதில் நமக்குள்ள பாடம் இரண்டு. நம்பிக்கையான கணக்கு மென்பொருள் வழியாகவும் நாசம் வரலாம். எதனோடும் இணைக்காமல் தனியே வைத்த நகல்தான் கைகொடுக்கும்.

பயிற்சிக்கூடம் என்றால் என்ன?

நகல் எடுத்து வைத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து கணக்கை மீட்டுப் பார்த்தால்தான் அது நகல். இதைக் கடைக் கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்ப்பது ஆபத்து. அதனால்தான் வீட்டில் தனிக் கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறோம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் ஒப்படைக்கலாம். அவர்களுக்கு இது பிழைப்புக்கு உதவும் கல்வியும் ஆகும்.

புதிய இயந்திரம் தேவையில்லை. ரிச்சி தெருவில் கிடைக்கும் பழைய கம்ப்யூட்டரே போதும். நினைவகம் 16 ஜி.பி. இருந்தால் நல்லது, 8 ஜி.பி. இருந்தாலும் தொடங்கலாம். எஸ்.எஸ்.டி. வட்டு இருந்தால் வேகம் கூடும். நம் பகுதியின் உப்புக்காற்றும் தூசியும் இயந்திரத்துக்குப் பகை. ஜன்னலோரம் வைக்காமல், சிறிய யு.பி.எஸ். ஒன்றையும் சேர்த்துக்கொள்வது நலம்.

ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை இயக்குவதே இதிலுள்ள சூட்சுமம். ஒரு பெரிய கிடங்கைத் தடுப்புப் போட்டு நான்கு வணிகர்களுக்கு விடுவது போன்றது இது. ஒருவர் அறையில் எலி புகுந்தாலும் மற்றவர் மூட்டைக்குப் போகாது. இதை மெய்நிகர் கணினி என்கிறார்கள். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளை வீட்டுப் பயிற்சிக்கு இலவசமாகப் பெறலாம். முதலில் கம்ப்யூட்டரின் பயாஸ் அமைப்பில் இன்டெல் என்றால் வி.டி.எக்ஸ்., ஏ.எம்.டி. என்றால் ஏ.எம்.டி.வி. என்ற வசதியை இயக்க வேண்டும்.

ஒத்திகை பார்க்கும் முறை

முதலாவதாக, ஒரு மெய்நிகர் கணினியில் கடையில் உள்ள பில்லிங் மென்பொருளை நிறுவுங்கள். உரிமம் பற்றி விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடைக் கணக்கின் நகலை அதில் ஏற்றி, நேற்றைய விற்பனையும் வாடிக்கையாளர் நிலுவையும் சரியாக வருகின்றனவா என்று பாருங்கள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். கடையில் விபரீதம் நேர்ந்தால் குறைந்தது அத்தனை நேரம் கையால் பில் எழுத வேண்டியிருக்கும்.

இரண்டாவதாக, ஸ்னாப்ஷாட் வசதியைப் பழகுங்கள். இருந்த நிலையைப் பதிந்து வைத்து, எது கெட்டாலும் அந்த நிலைக்கே திரும்பலாம். ஆனால் அதுவும் அதே வட்டில்தான் இருக்கிறது. வட்டு போனால் அதுவும் போகும். ஆகவே அதை நகல் என்று எண்ணிவிடக் கூடாது.

மூன்றாவதாக, பாதுகாப்புப் பயிற்சி. காலி லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் சோதனைக் கருவிகள் உள்ளன. தாக்கிப் பழகுவதற்கென்றே ஓட்டைகளோடு தயாரித்த மெட்டாஸ்ப்ளாய்டபிள் என்ற இலக்கும் கிடைக்கிறது. இவ்விரண்டையும் 'இன்டர்னல் நெட்வொர்க்' என்ற அமைப்பில் மட்டும் இணைக்க வேண்டும். '1234' போன்ற கடவுச்சொல் எவ்வளவு எளிதில் விழுகிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தால், மறுநாளே கடைக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்வார்கள்.

மீறக் கூடாத வரம்புகள்

பயிற்சிக்கூடத்தில் பயன்படுத்திய பென் டிரைவ் மீண்டும் கடைக்குப் போகக் கூடாது. கடைக் கணக்கை ஏற்றும் மெய்நிகர் கணினிக்கு இணையத் தொடர்பும் வேண்டாம், தாக்குதல் கருவிகளோடு தொடர்பும் வேண்டாம். வேலை முடிந்ததும் அந்தக் கணக்கை அழித்துவிடுங்கள். அது நம் வாடிக்கையாளர்களின் விவரமும் ஆகும்.

பக்கத்துக் கடை வைஃபையில் கை வைத்துப் பார்க்கும் ஆசை பிள்ளைகளுக்கு வரலாம். உரிமையாளர் அனுமதியின்றிப் பிறர் கம்ப்யூட்டரில் நுழைந்தால் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவின்படி இழப்பீடு தர நேரும். அதையே நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதைப் பெற்றோர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இணைய மோசடியில் பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

கடையடைக்கும் பழக்கத்தோடு

இரவில் கல்லாவை எண்ணிப் பூட்டுவது போல, கணக்கை வெளி வட்டில் நகலெடுத்து, வட்டைக் கழற்றி, வீட்டுக்கு எடுத்துச் செல்லும் பழக்கமும் வர வேண்டும். அசலையும் சேர்த்து மூன்று பிரதிகள் இருக்கட்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்று கடைக்கு வெளியே இருக்கட்டும். மாதம் ஒருமுறை, ஒரு ஞாயிறு மாலை, அந்த நகல் திறக்கிறதா என்று வீட்டுப் பயிற்சிக்கூடத்தில் பாருங்கள். கானாவில் வந்த மின்வெட்டு தற்செயல். நாம் வட்டைக் கழற்றி வைப்பது நம் கையில் இருக்கிறது.