சீமைக் கருவையின் வருகைப் பதிவேடு



கந்தர்வக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் ரோட்டில் போனாலும் சரி, புதுக்கோட்டை ரோட்டில் போனாலும் சரி, பஸ் ஜன்னல் வழியே சீமைக் கருவை கண்ணில் படாமல் இருக்காது. குளத்துக்குள் அது, கரையில் அது, புறம்போக்கில் அது. "இது எப்ப நம்ம ஊருக்கு வந்துச்சு?" என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். ஒருத்தர் "வெள்ளைக்காரன் கொண்டாந்தான்" என்பார். இன்னொருத்தர் "சுதந்திரத்துக்கு அப்புறம் சர்க்கார் விதை தூவுனாங்க" என்பார். இரண்டு பேரும் அடித்துப் பேசுவார்கள். சான்று மட்டும் இருக்காது.

செடி வந்த கதைக்கும் சான்று வைக்க ஓர் இடம் இருக்கிறது. அதன் பெயர் ஹெர்பேரியம். தமிழில் உலர் தாவரகம் என்கிறார்கள். நான் படிப்பது சிவில். தாவரவியல் நம் சிலபஸில் கிடையாது. ஆனாலும் இந்த விஷயம் நமக்கு அந்நியமில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

பூவும் காயும் உள்ள ஒரு சிறு கிளையை வெட்டி, பழைய செய்தித்தாளுக்கு நடுவில் விரித்து, மரச்சட்டத்தில் வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். ஈரத்தாளை மாற்றி மாற்றி வைத்து முழுவதும் உலர்த்துவார்கள். பிறகு சுமார் 42 செ.மீ. நீளம், 28 செ.மீ. அகலமுள்ள கெட்டித் தாளில் ஒட்டி, வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு சீட்டு ஒட்டுவார்கள். செடியின் பெயர், எடுத்த இடம், தேதி, எடுத்தவர் பெயர், அவருடைய வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். பூவின் நிறம், மண்ணின் தன்மை போன்று காய்ந்த பின் தெரியாத சங்கதிகளையும் எழுதுவார்கள்.

நம் டிராயிங் ஷீட்டிலும் அதே மூலையில்தானே டைட்டில் பிளாக் போடுகிறோம்? அது இல்லாத டிராயிங்கை யாராவது ஏற்பார்களா? சர்வேயில் ரீடிங் எல்லாம் எடுத்துவிட்டு, எந்த பெஞ்ச் மார்க்கிலிருந்து எடுத்தோம் என்று ஃபீல்டு புக்கில் எழுதாவிட்டால் எப்படியோ, அப்படித்தான் சீட்டில்லாத கிளையும். சீட்டு இருந்தால் சாட்சி, இல்லாவிட்டால் விறகு!

கிளையை அழுத்திக் காயவைக்கும் வழக்கத்தைப் பரப்பியவர் 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த லூக்கா கினி. நம் பக்கத்திலேயே திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. 1967-இல் பாதிரியார் கே. எம். மேத்யூ தொடங்கியது. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல அலுவலகத்தில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள் இருக்கின்றன.

இனி நம் சீமைக் கருவைக்கு வருவோம். மெக்சிகோ, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகிய இடங்களின் வறண்ட நிலம்தான் இதன் தாய்வீடு. ஜமைக்காவில் கிடைத்த செடியை வைத்து, ஸ்வீடன் நாட்டு ஓலோஃப் சுவார்ட்ஸ் 1788-இல் இதற்கு மைமோசா ஜூலிஃப்ளோரா என்று பெயர் வைத்தார். பின்னால் அது புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா ஆனது. 2022-இல் அந்தப் பேரினத்தையே பிரித்து, இதை நெல்டூமா ஜூலிஃப்ளோரா என்கிறார்கள். பெயர் எத்தனை முறை மாறினாலும் ஹெர்பேரியத்தில் பழைய சீட்டைக் கிழிப்பதில்லை. புதுப் பெயர், மாற்றியவர், தேதி எழுதிய துண்டுச் சீட்டைப் பக்கத்தில் ஒட்டுவார்கள். செடி அதே செடிதான், எவரும் எடுத்து மறுபடி சரிபார்க்கலாம்.

இந்தியாவுக்கு எப்போது வந்தது? மதராஸ் மாகாண வன அதிகாரி பெட்டோம் 1876-இல் விறகுக்காக விதை கேட்டு எழுதினார். 1878-இல் கடப்பா மாவட்டம் கமலாபுரத்தில் நட்டார்கள். பிறகும் பல காலகட்டங்களில் விறகுக்கும் வேலிக்கும் நட்டார்கள். ஆக, டீக்கடையில் இரண்டு பேர் சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வந்தது வேறு, பரவியது வேறு. பரவிய கதையை ஊர் ஊராகச் சொல்ல, இடமும் தேதியும் போட்ட தாள்கள் வேண்டும்.

இங்கேதான் சிக்கல். ஹெர்பேரியம் ஒரு வருகைப் பதிவேடு மாதிரி. பெயர் கூப்பிட்டவனுக்குத்தான் 'பிரசன்ட்' விழும். கூப்பிடவே இல்லையென்றால் அவன் வரவில்லை என்று ஆகிவிடுமா? செடி தேடிப் போகிறவர்கள் அபூர்வமானதைத்தான் ஆசையாக எடுப்பார்கள். வழியெல்லாம் கிடக்கிற முள்ளை யார் எடுப்பார்? அதனால் ஒரு ஊருக்குத் தாள் இல்லை என்பதால் அங்கே செடி இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பழைய தாளில் ஊர்ப்பெயர் தேடுவதிலும் கவனம் வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் 1974-இல்தான் பிறந்தது. அதற்கு முந்தைய சீட்டில் நம் பகுதி ஊர்கள் தஞ்சாவூர் என்றோ திருச்சிராப்பள்ளி என்றோ இருக்கும்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். குளங்களில் சீமைக் கருவையை அகற்றும் வேலை நடக்கிறது. அந்நியத் தாவரங்களுக்கென்று தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கொள்கையே வெளியிட்டது. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் முள் நிற்பது நல்லதல்ல, அகற்றட்டும். ஆனால் ஜே.சி.பி.க்கு முள் எல்லாம் ஒன்றுதான். நாட்டுக் கருவேலம் நம்முடையது. ராஜஸ்தான் பாலைவனத்திலும் வளர்கிற, விருத்தாசலம் கோயிலில் தலவிருட்சமாக நிற்கிற வன்னியும் நம்முடையதே. வன்னி சீமைக் கருவைக்கு நெருங்கிய சொந்தம் வேறு!

அடையாளம் சுலபம். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்த மாலை மாதிரி இடையிடையே சுருங்கியிருக்கும். சீமைக் கருவையின் பூ அணில்வால் மாதிரி நீளம், காய் வெளிர் மஞ்சள், தித்திப்பு. அதன் முள் கணுவில் இருக்கும். வன்னிக்கும் பூ நீளம்தான், ஆனால் சிறு முள் கணுவுக்குக் கணு இடையிலும் சிதறியிருக்கும், காய் மெல்லியது.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பள்ளிக்கூடம் போனதில்லை. விறகு கட்டிப் பழகிய கை, முள்ளைத் தொட்டே எது சீமை, எது நாட்டுக் கருவை என்று சொல்லிவிடுவார்கள். அந்த அறிவு எந்தத் தாளிலும் ஏறவில்லை. தாளில் ஏறாத அறிவு ஆபீஸ் மேசை வரை போகாது. அதை ஏற்றி வைக்க எழுதப் படித்த நம்மால் முடியும்.

ஆகவே நண்பர்களே, உங்கள் ஊர்க் குளத்தில் வேலை தொடங்குமுன் பூவும் காயுமாக ஒரு கிளை எடுங்கள். செய்தித்தாளில் அழுத்தி, ஊர், குளத்தின் பெயர், தேதி, உங்கள் பெயர், எண் எழுதுங்கள். ஊரில் வழங்கும் பெயரையும் விடாதீர்கள். சீமைக் கருவை ஓரிடத்தில் வேலிக்காத்தான், இன்னோரிடத்தில் டெல்லி முள். பிறகு தாவரவியல் தெரிந்த ஓர் ஆசிரியரிடம் காட்டி, ஹெர்பேரியத்தில் சேர்க்க வழி கேளுங்கள். நாளைக்கு ஒருவர் "இந்தக் குளத்தில் அன்று என்ன இருந்தது?" என்று கேட்டால், சத்தம் போட வேண்டியதில்லை. தாளை எடுத்து நீட்டினால் போதும்.