வெள்ளித் தாளின் தடிமன்

டெல்லி சாந்தினி சௌக்கின் மிட்டாய்க் கடைகளில் காஜு கத்லியின் மேல் மின்னும் வெள்ளித் தாளுக்கு வரக் என்று பெயர். வெள்ளித் துண்டுகளை அடுக்கடுக்கான தாள்களுக்கோ தோல்களுக்கோ இடையே வைத்து, சுத்தியலால் அடித்து அடித்து மெலிதாக்குவார்கள். அந்த வெள்ளி 999 தூய்மை உள்ளதாக இருக்க வேண்டும், ஒரு சதுர மீட்டர் தாள் 2.8 கிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்திய உணவு விதி. வெள்ளியின் அடர்த்தியை வைத்துக் கணக்குப் போட்டால், தாளின் தடிமன் அதிகபட்சம் ஏறத்தாழ 270 நானோமீட்டர் என்று வரும். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்.

நூறு நானோமீட்டருக்குக் கீழே உள்ளதைத்தான் நானோ துகள் என்பது வழக்கம். அந்தக் கணக்கில் அவ்வளவு தடிமனான வரக் தப்பிவிடுகிறது. ஆனால் உணவில் சேர்க்கும் வெள்ளியை 2016இல் மறுஆய்வு செய்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அதில் நானோ அளவுத் துகள்களும் இருப்பதைக் குறிப்பிட்டது. பாதுகாப்பானதா என்று சொல்லப் போதிய தரவு இல்லை என்றும் முடித்தது. அதே ஆண்டில் நம் நாட்டு விதி, வரக் தயாரிப்பில் விலங்குத் தோலையும் குடலையும் பயன்படுத்தக் கூடாது என்றது. எதில் வைத்து அடித்தார்கள் என்று கேட்ட விதி, உதிரும் துகள் எவ்வளவு பெரிது என்று கேட்கவில்லை.

வரக் பழைய பொருள். இன்று வியர்வை நாற்றம் தடுக்கும் காலுறையில் நானோ வெள்ளி இருக்கிறது. குடிநீர் வடிகட்டியிலும் இருக்கிறது. 2009இல் வந்த டாடா ஸ்வச் அப்படிப்பட்டதுதான். சன்ஸ்கிரீனில் துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் இருக்கின்றன.

ஒரே உலோகம், சிறிதானதும் ஏன் குணம் மாறுகிறது? ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 6000 சதுர மீட்டர், அதாவது ஒன்றரை ஏக்கர். வேதிவினை நடப்பது பரப்பில்தான். செல் இந்தத் துகளை விழுங்கித் தன் அமிலப் பைக்குள் அனுப்புகிறது. அங்கே வெள்ளியும் துத்தநாகமும் கரைந்து அயனிகளாகின்றன. செல்லுக்குள் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. இவை டிஎன்ஏ இழையை அறுக்கும். குவானின் என்ற எழுத்தை ஆக்சிஜனேற்றி, அது தப்பான எழுத்தோடு இணை சேரும்படியும் செய்யும். செல் இதைப் பெரும்பாலும் சரிசெய்துவிடும். சரிசெய்யாமல் விட்டது, செல் பிரியும்போது நிரந்தரப் பிழையாகிறது.

அறுந்த இழையைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. செல்லைக் கூழ்மத்தில் பதித்து, அதன் உறையைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சுவார்கள். முழு டிஎன்ஏ இருந்த இடத்திலேயே நிற்கும். அறுந்த துண்டுகள் மின்புலத்தில் இழுபட்டு வாலாக நீளும். நுண்ணோக்கியில் அப்படியே ஒரு வால்வெள்ளி. அதனால்தான் இதற்குக் காமெட் சோதனை என்று பெயர். இன்று உலகெங்கும் செய்யப்படும் கார முறையை 1988இல் வெளியிட்ட குழுவின் முதல் ஆசிரியர் நரேந்திர சிங். லக்னோவின் இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அலோக் தவன் குழு இந்தச் சோதனையை நானோ துகள்கள் மேல் பயன்படுத்தியது. துத்தநாக ஆக்சைடு நானோ துகள்கள் மனிதத் தோல் செல்களின் டிஎன்ஏவைச் சேதப்படுத்துவதை 2009இல் அது வெளியிட்டது.

இந்த முடிவைப் படித்துவிட்டு சன்ஸ்கிரீனைத் தூக்கி எறியத் தேவையில்லை. தட்டில் வளர்த்த செல்லுக்கு மேல்தோலின் இறந்த அடுக்கு கிடையாது. உயிருள்ள தோலில் அந்த அடுக்குதான் பெரும்பாலான துகளைத் தடுத்து நிறுத்துகிறது. நுரையீரலுக்கு அப்படி ஓர் அரண் இல்லை. ஆகவே கிரீமைவிட ஸ்பிரேயையும் பவுடரையும் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். நுரையீரலில் தங்கிய துகள் நீண்டநாள் அழற்சியைத் தூண்டினால், அந்த அழற்சியே டிஎன்ஏவைத் தாக்கும். துகள் செல்லின் உட்கருவைத் தொடவே வேண்டாம்.

சோதனைகளிலும் சிக்கல் உண்டு. மரபணுப் பாதிப்பைக் கண்டறிய மருந்துக்கும் ரசாயனத்துக்கும் முதலில் செய்யும் ஏம்ஸ் சோதனை பாக்டீரியாவில் நடப்பது. பாக்டீரியாவின் சுவரைப் பல நானோ துகள்கள் தாண்டுவதில்லை. அங்கே கிடைக்கும் ‘பாதிப்பில்லை’ என்ற விடை நம்மை ஏமாற்றிவிடும். பாலூட்டிச் செல்களில் சோதித்தால்தான் பொருளுண்டு.

டைட்டானியம் டை ஆக்சைடைப் பற்றி நிபுணர்களே ஒத்துப்போகவில்லை. சூயிங்கத்துக்கும் மிட்டாய்ப் பூச்சுக்கும் வெண்மை தரும் இது மரபணுவைப் பாதிக்கும் என்ற ஐயத்தை நீக்க முடியவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 மே மாதம் சொன்னது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை உணவிலிருந்து விலக்கியது. அதே ஆண்டு கனடாவின் சுகாதாரத் துறை, உணவில் அது உடல்நலத்துக்குக் கேடு என்பதற்கு முடிவான ஆதாரம் இல்லை என்றது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழுவும் 2023இல் அளவு வரம்பு தேவையில்லை என்ற பழைய நிலையிலேயே நின்றது.

நம் நாட்டிலோ, டெல்லி கோட்லா சாலையில் உள்ள எஃப்டிஏ பவனில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும், மருந்தையும் அழகுப்பொருளையும் கண்காணிக்கும் மத்திய அமைப்பும் இயங்குகின்றன. உயிரித் தொழில்நுட்பத் துறை 2019இல் நானோ மருந்துகளுக்கும், 2020இல் நானோ வேளாண் இடுபொருட்களுக்கும் உணவுக்கும் மதிப்பீட்டு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. நல்ல தொடக்கம்தான். ஆனால் காலுறையும் முகக் கிரீமும் அவற்றுக்கு வெளியே நிற்கின்றன. ஐரோப்பாவில் 2013 முதல் அழகுப்பொருளின் உட்பொருள் பட்டியலில் நானோ என்று எழுதியே ஆக வேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. நானோ என்ற சொல்லோடு, துகளின் அளவையும் அதன் மேல் சிலிக்கா அல்லது அலுமினாப் பூச்சு உண்டா என்பதையும் டப்பாவில் அச்சிட எஃப்டிஏ பவன் அமைப்புகள் சொல்லலாம். டைட்டானியம் டை ஆக்சைடு வெயிலில் எவ்வளவு வினைபுரியும் என்பதை அந்தப் பூச்சுதான் பெரிதும் தீர்மானிக்கிறது.