ரெட்டினைல் பால்மிட்டேட்டு

ரெட்டினைல் பால்மிட்டேட்டு என்பது உயிர்ச்சத்து ஏ-யும் (ரெட்டினால்) பால்மிட்டிக் அமிலமும் சேர்ந்த எசுத்தர் ஆகும். நம் உடல் உயிர்ச்சத்து ஏ-யைக் கல்லீரலில் பெரும்பாலும் இவ்வடிவிலேயே சேமிக்கிறது.

மருத்துவப் பயன்கள்

மாலைக்கண், விழி உலர்ந்து பார்வை பறிபோதல் ஆகியவற்றைத் தடுக்க, இது எண்ணெய்க் கரைசலாகக் குழந்தைகளுக்குப் புகட்டப்படுகிறது. இந்தியாவில் இத்திட்டம் 1970இல் தொடங்கியது. ஒன்பதாம் மாதத்தில் 1 இலட்சம் அலகும், பின்னர் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 இலட்சம் அலகும் தரப்படுகின்றன.

ஆய்வுகள்

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் லட்சுமி ரகமத்துல்லா குழுவினர், திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடம் ஓராண்டு ஆய்வு நடத்தினர். வாரந்தோறும் 8,333 அலகு உயிர்ச்சத்து ஏ பெற்றவர்களிடையே இறப்பு, பெறாதவர்களைவிட 54% குறைவாக இருந்தது (1990). உத்தரப் பிரதேசத்தில் சுமார் 10 இலட்சம் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரும் அளவு தந்த ஆய்விலோ (2013) இறப்பு 4% அளவே குறைந்தது. இது தற்செயலாகவும் இருக்கலாம். எனவே எல்லாக் குழந்தைகளுக்கும் பெரும் அளவு தேவையா என்ற விவாதம் தொடர்கிறது.

எச்சரிக்கை

இது கொழுப்பில் கரைவதால், மிகுதியானது எளிதில் வெளியேறாமல் கல்லீரலில் தங்கி நச்சாகும். கருவுற்றவர்கள் மிகுதியாக உட்கொண்டால் கருவில் குறைபாடுகள் ஏற்படலாம். முருங்கைக்கீரை, பப்பாளி ஆகியவற்றிலுள்ள பீட்டா கரோட்டினை உடல் தேவைக்கேற்பவே உயிர்ச்சத்து ஏ-யாக மாற்றுவதால், அவற்றை உண்பதில் இந்த அச்சம் இல்லை.